நீடூழி மருத்துவமனையின் நீலக் கயிறு

எல்லப்பனுக்குப் புற்றுநோய் என்பதைச் சொல்லி முடிக்க நீடூழி பன்னோக்கு மருத்துவமனைக்கு எழுபத்தொன்பது நொடி போதுமானதாக இருந்தது. ஒரு நோயாளிக்குத் தொண்ணூறு நொடி என்பது அங்கே சட்டம். மீதிப் பதினொரு நொடியில் அவர் எழுந்து, வேட்டியை இறுக்கிக் கட்டி, கதவைத் தாண்டிவிட வேண்டும். இடுப்பு வலியோடு எழுந்ததில் அவருக்குப் பதினாலு நொடி ஆகிவிட்டது. கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது. வெளியே காத்திருந்த கூட்டம் அவரைப் பந்தியில் இரண்டு வடை எடுத்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

அந்த எழுபத்தொன்பது நொடியில் டாக்டர் மோகனப்ரியா சொன்னது இவ்வளவுதான். "ப்ராஸ்டேட்ல கேன்சர். இடுப்பெலும்பு, முதுகெலும்புக்குப் பரவியிருக்கு. சிகிச்சைக்கு அஞ்சு வழி இருக்கு. எந்த வழின்னு நீங்க புரிஞ்சு, முடிவு பண்ணிட்டு வாங்க. உடனே ஆரம்பிச்சிடலாம்."

எல்லப்பனின் மனைவி லீலா, "எந்த வழி நல்லதும்மா?" என்று கேட்டாள்.

டாக்டர் சின்னப் பெண். இரண்டு நாள் தூக்கத்தைக் கண்ணுக்குக் கீழே கட்டி வைத்திருந்தாள். சுவரில் எண்கள் இறங்கிக்கொண்டிருந்த கடிகாரத்தைப் பார்த்தாள். "புரிதல் துறை, ரெண்டாவது மாடி," என்றாள்.

மருத்துவமனையின் நிறுவனர் அடிப்படையில் லாரிகளுக்கு பிரேக் கட்டை செய்தவர். ஒருநாள் ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனிக்குப் பூங்கொத்தோடு போனவர், நிமிஷத்துக்கு ஒரு கார் வெளியே வருவதைப் பார்த்துவிட்டுத் தூக்கம் கெட்டுத் திரும்பினார். ஒரு முழுக் காரே ஒரு நிமிஷத்தில் வரும்போது ஒரு ஜுரம் எதற்காக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறது என்பது அவருடைய கேள்வி. பதில் சொல்லக்கூடியவர்கள் யாரும் பக்கத்தில் இல்லாததால் மருத்துவமனை கட்டிவிட்டார். தரையில் மஞ்சள் கோடு. டாக்டர் அறைக்கு ஸ்டேஷன் என்று பெயர். நோயாளியின் கழுத்தில் 'வேலை நடப்பில்' என்று ஓர் அட்டை. கூடத்தின் குறுக்கே, கை எட்டும் உயரத்தில், ஒரு நீலக் கயிறு.

அந்தக் கயிற்றைப் பார்த்ததும் எல்லப்பனுக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாயிற்று.

அவர் மண்ணூர்க்காரர். நிலம் கம்பெனிக்குப் போனதும் கம்பெனியில் வேலை கிடைத்தது. தன் நிலத்தில் கட்டிய கம்பெனியில் அல்ல, பக்கத்துக்காரர் நிலத்தில் கட்டிய கம்பெனியில். இருபத்திரண்டு வருஷம் கார்க் கதவின் பூட்டைச் சரிபார்த்து அனுப்பும் வேலை. அங்கேயும் தலைக்கு மேல் இப்படி ஒரு கயிறு ஓடும். எதுவும் சரியில்லை என்று பட்டால் யார் வேண்டுமானாலும் இழுக்கலாம். இழுத்தால் ஒரு பாட்டு வரும். பாட்டு முடிவதற்குள் லைன் லீடர் ஓடிவந்து, "இன்னாண்ணே?" என்று கேட்டாக வேண்டும். இழுத்தவனை யாரும் திட்டக் கூடாது. பதில் கிடைத்தபின் இழுத்தவனே மறுபடி இழுத்தால்தான் லைன் ஓடும். உலகத்தில் எல்லப்பன் நம்பிய சட்டம் அது ஒன்றுதான்.

"கயிறு கீது லீலா," என்றார். "தெரிஞ்ச ஆளுங்கதான் நடத்தறாங்க."

"கயிறு இன்னா வைத்தியம் பாக்குமா? நீ மாடி ஏறு," என்றாள் லீலா.

புரிதல் துறைக்குத் தலைவர் வனமாமலை. திருநெல்வேலிப் பக்கம். கழுத்தில் டை, டையில் மருத்துவமனையின் முத்திரை. காலை ஒன்பது மணிக்குப் புது நோயாளிகள் மஞ்சள் கோட்டின்மேல் வரிசையாக நிற்க வேண்டும். முதலில் உடற்பயிற்சி. இடுப்பெலும்பில் நோய் உள்ளவர்கள் கையை மட்டும் தூக்கினால் போதும் என்று சலுகை உண்டு. பிறகு உறுதிமொழி. வலக்கையை நீட்டி எல்லோரும் சொன்னார்கள்:

"என் நோயை நானே புரிந்துகொள்வேன். என் சிகிச்சையை நானே முடிவுசெய்வேன். ஐயம் கேட்டுப் பிறர் நேரத்தை வீணாக்க மாட்டேன்."

"இன்னாயா இது, கேக்க மாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டானுங்க," என்று லீலா முணுமுணுத்தாள்.

பிறகு வனமாமலை பேசினார். "பெரியோர்களே! முன்பெல்லாம் டாக்டர் சொல்வார், நோயாளி கேட்பார். அது அடிமைக் காலம். இன்று நோயாளியே மன்னர். மன்னருக்கு யாராவது ஆலோசனை சொல்லலாமா? சொன்னால் அது அவமரியாதை அல்லவா? அந்த அவமரியாதை இந்த வளாகத்தில் நடக்காது என்று உறுதி கூறுகிறேன்."

கைதட்டல் வந்தது. தட்டாதவர்களின் பெயரை ஒருவர் குறித்துக்கொண்டார்.

அறுபத்துநாலு பக்கத்தில் ஒரு கையேடு கொடுத்தார்கள். வழிக்கு ஒரு வண்ணமாக ஐந்து அட்டைகள் கொடுத்தார்கள். ஊசி பச்சை, ஆபரேஷன் சிவப்பு, மாத்திரை மஞ்சள், கீமோ ஊதா, கதிர்வீச்சு நீலம். கையேட்டை முழுக்கப் படித்துத் தேர்வெழுத வேண்டும். இருபதுக்குப் பதினாறு வாங்கினால் 'புரிந்துகொண்டார்' என்று சான்றிதழ். அந்தச் சான்றிதழ் இல்லாமல் முதல் ஊசிகூடப் போட மாட்டார்கள்.

எல்லப்பன் மூன்று நாள் படித்தார். மகன் சுபாஷ் ஷிப்ட் முடிந்து வந்து வாசித்துக் காட்டினான். அவனுடைய கம்பெனிக் காப்பீட்டில்தான் வைத்தியம் நடக்கிறது என்பதால் வேறு மருத்துவமனைக்குப் போகவும் வழியில்லை. ஆறாம் பக்கத்தில் ஒவ்வொரு நாளும் இருவரில் ஒருவர் தூங்கிப்போனார்.

தேர்வில் முதல் கேள்வி, நம் மருத்துவமனையின் நோக்க வாசகம் யாது? ஏழாம் கேள்வி, சிகிச்சை வழிகளை அகர வரிசைப்படுத்துக. இருபதாம் கேள்வி, உங்களுக்கு ஏற்ற சிகிச்சை எது? காரணம் தருக.

இருபதாவதுக்கு எல்லப்பன், "அதைக் கேட்கத்தான் வந்தேன்," என்று எழுதினார். விடைத்தாள் திரும்பி வந்தபோது அதில் சிவப்பு மையில் சுழித்து, 'விடை வினாவுக்குப் பொருந்தவில்லை' என்று போட்டிருந்தது. மொத்தம் ஒன்பது மதிப்பெண்.

மறுதேர்வுக்குப் பன்னிரண்டு நாள். அந்தப் பன்னிரண்டு நாளில் வலி இடுப்பிலிருந்து தொடைக்கு இறங்கியது. பஸ் படியில் ஏற அவருடைய வலக்காலை லீலா குனிந்து தூக்கி வைக்க வேண்டியிருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் புருஷன் காலைத் தொட்டுக் கும்பிடுகிறாள் என்று நினைத்தார்கள். அவள் திருத்தவில்லை. தைமாசம் பேத்திக்குக் குன்றத்தூர் மலையில் மொட்டை போட்டுக் காது குத்துவதாக வேண்டுதல். குழந்தையைத் தாத்தாதான் தூக்கிக்கொண்டு படியேறுவது என்று முன்பே பேசி வைத்திருந்தது. இப்போது அந்தப் பேச்சை வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கூடத்தில் ஒரு சுவர் முழுக்க 'மாதத்தின் சிறந்த புரிதல் நோயாளி' படங்கள். அதில் நான்கு படம் ஒரே ஆளுடையது. மணிமங்கலம் பிச்சையா. நேரிலும் அங்கேயேதான் இருந்தார், படத்துக்குக் கீழே, படத்தில் போட்டிருந்த அதே சட்டையில்.

"எத்தினி மார்க்கு?" என்று எல்லப்பன் கேட்டார்.

"நாலு தடவையும் இருவதுக்கு இருவது," என்றார் பிச்சையா.

"உனுக்கு இன்னாபா நோவு?"

பிச்சையா யோசித்தார். "அது அவங்க சொல்லலை. நானும் கேக்கக் கூடாதுன்னு கைய நீட்டி சத்தியம் பண்ணிக்கினேன். ஆனா ஒரு ரகசியம் சொல்றேன் கேளு. நாலு விடையில எது நீளமா கீதோ அத்த டிக் அடி. கடைசிக் கேள்விக்கு, 'நோக்க வாசகத்தின்படி எது ஏற்றதோ அதுவே'ன்னு எழுதிடு."

எல்லப்பன் பதினெட்டு வாங்கினார்.

பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழோடு மறுபடியும் டாக்டர் மோகனப்ரியாவின் ஸ்டேஷனுக்குப் போனார். கடிகாரம் தொண்ணூறிலிருந்து இறங்கத் தொடங்கியது. டாக்டர் ஐந்து அட்டைகளையும் மேஜையில் பரப்பினாள். "ஒண்ணு எடுங்கய்யா."

எல்லப்பன் ஐந்தையும் பார்த்தார். கல்யாணத்தில் மொய் எழுதும்போதுகூட அவர் பக்கத்து ஆளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுவார்.

"டாக்டரம்மா, உங்க அப்பாவுக்கு வந்தா இன்னா செய்வீங்க?"

அறைச் சுவரில் அந்தக் கேள்வியே அச்சிட்டு, மேலே குறுக்காக ஒரு கோடு போட்டிருந்தார்கள். டாக்டர் வாயைத் திறந்தாள். கடிகாரத்தில் பதினொன்று. மேஜையிலிருந்த கருவி கீச்சென்றது. இரண்டு பேர் வந்து எல்லப்பனை நடுநிலைக் குழுவுக்கு அழைத்துப் போனார்கள்.

நடுநிலைக் குழுவுக்கும் தலைவர் வனமாமலைதான், வேறு டையில்.

"டாக்டர் ஏதாவது அட்டையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாரா?"

"இல்ல சார்."

"ஏதாவது ஓர் அட்டையை உங்கள் பக்கம் நகர்த்தி வைத்தாரா?"

"இல்ல சார். அவங்க பாவம், கொட்டாவி வுட்டாங்க."

"எந்த அட்டைக்கு நேரே?"

எல்லப்பன் கைகூப்பினார். "ஐயா, எனுக்கு நோவு தாங்கல. எது நல்லதுன்னு ஒருத்தர் சொன்னாப் போதும்."

வனமாமலையின் குரல் கனிந்தது. "ஐயா, கொஞ்சம் மனசு வச்சுக் கேளுங்க. நாங்க சொல்லி நீங்க எடுத்தா அது எங்க தப்பாயிரும். நீங்களா எடுத்தா அது உங்க உரிமை. உங்க உரிமையை உங்ககிட்டேர்ந்து பறிக்குத பாவத்தை இந்த ஆஸ்பத்திரி ஒருநாளும் செய்யாது. போயிட்டு அடுத்த செவ்வாக்கிழமை வாங்க."

அடுத்த செவ்வாய்க்கிழமை மருத்துவமனை வெள்ளையடித்து நின்றது. தரச்சான்று கொடுக்கும் குழு வருகிறதாம். வாசலில் கோலம், வாழைமரம். பெருக்கித் துடைக்கும் கங்கா வழக்கமாக ஈரத் துணிகளை நீலக் கயிற்றில்தான் காயப்போடுவாள். அன்றைக்கு அதெல்லாம் எடுக்கப்பட்டு, கயிற்றுக்குப் பூ சுற்றியிருந்தது.

பத்தரை மணிக்கு நிறுவனரே குழுவை அழைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தார். கயிற்றுக்குக் கீழே நின்றார். "இதுதான் எங்க பெருமை. யாருக்கு எது புரியலைன்னாலும் இதை இழுக்கலாம். பதில் கிடைக்கிற வரைக்கும் ஆஸ்பத்திரியே நிக்கும். ஆனா பாருங்க, மூணு வருஷத்துல ஒரே ஒருத்தர்கூட இழுத்தது கிடையாது! எங்க நோயாளிகளுக்கு அவ்வளவு தெளிவு!"

குழுவினர் எழுதிக்கொண்டார்கள்.

கயிற்றுக்கு அடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த எல்லப்பன் அதைக் கேட்டார். மூன்று வருஷமாக யாரும் இழுக்கவில்லை என்றால் கயிறு வேலைசெய்கிறதா என்று எப்படித் தெரியும்? இருபத்திரண்டு வருஷம் சரிபார்த்த கை. அவர் லீலாவின் தோளைப் பிடித்து மெல்ல எழுந்தார். பூவோடு சேர்த்துப் பிடித்தார். கம்பெனியில் இழுப்பதுபோல ஒரே இழுப்பு.

கயிற்றுக்கு வயர் கொடுத்தவர் ஒரகடத்தில் லைனில் வேலைபார்த்த எலெக்ட்ரீஷியன். அது வெறும் அலங்காரம் என்று அவரிடம் சொல்ல மறந்துவிட்டார்கள். அவர் ஒழுங்காகச் செய்து வைத்திருந்தார்.

பொம்மை ரயிலில் வருகிற மாதிரி ஒரு பாட்டு ஆரம்பித்தது. டோக்கன் பலகை உறைந்தது. லிஃப்ட் ஒன்றுக்கும் இரண்டுக்கும் நடுவில் நின்றது. எல்லா ஸ்டேஷன்களிலும் கடிகாரங்கள் நின்றன.

"எவம்ல இழுத்தது?" என்று வனமாமலை மாடிப்படியில் ஓடிவந்தார். டை தோளுக்குப் பின்னால் பறந்தது. குழுவைப் பார்த்ததும், "எந்தப் பெருமகனார் இழுத்தருளியது?" என்று திருத்திக்கொண்டார்.

எல்லப்பன் லைனில் போல வலக்கையைத் தூக்கினார். "நாந்தான் சார். எனுக்குப் புரியல."

வனமாமலை இதற்கான படிவத்தைத் தேடி எடுக்கவே ஐந்து நிமிஷம் ஆயிற்று. ஐந்து 'ஏன்' கேட்டு மூலகாரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதில் இருந்தது.

"ஏன் இழுத்தீங்க?"

"புரியல."

"ஏன் புரியலை?"

"யாரும் சொல்லல."

"ஏன் சொல்லலை?"

"அது எனுக்கு எப்பிடித் தெரியும்? நீதான் சொல்லணும்," என்றாள் லீலா.

குழுவில் மூத்தவர், "ஆமாம், ஏன் சொல்லவில்லை?" என்று ஆர்வமாகக் கேட்டார்.

வனமாமலைக்கு வியர்த்தது. படிவத்தைப் பொய்யாக நிரப்பக் கூடாது என்று அவரே எழுதிய விதி ஒன்று இருந்தது. "சொன்னா பொறுப்பாயிரும் சார்," என்றார்.

"ஏன் பொறுப்பாகக் கூடாது?"

நிறுவனர் குறுக்கே வந்தார். "எல்லாரும் டிபன் சாப்பிட்டுட்டு ஐந்தாவது ஏனுக்குப் போகலாமே," என்றார். பிறகு எல்லப்பன் பக்கம் குனிந்து பல்லைக் கடித்தபடி சிரித்தார். "பெரியவரே, மறுபடி இழுத்து விட்ருங்க."

"பதில் வந்தா இழுக்கறேன் சார்," என்றார் எல்லப்பன். அவருக்குக் கோபமெல்லாம் இல்லை. சட்டம் அப்படி.

அப்போதுதான் ஸ்டேஷன் நான்கின் கதவு திறந்தது. டாக்டர் மோகனப்ரியா வெளியே வந்தாள். திரும்பித் தன் அறைக் கடிகாரத்தைப் பார்த்தாள். முப்பத்துநான்கில் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். எண் நகரவில்லை. பிறகு கங்கா உட்காருகிற பிளாஸ்டிக் ஸ்டூலை இழுத்து, எல்லப்பனுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அந்த மருத்துவமனையில் டாக்டர் ஒருவர் கூடத்துக்கு வந்து நோயாளிக்கு எதிரே உட்கார்ந்ததை மற்றவர்கள் அன்றைக்குத்தான் பார்த்தார்கள்.

"ஐயா, இது முழுசாப் போகாது," என்றாள். "எலும்புக்குப் போயிட்டதால கட்டியை மட்டும் அறுத்து எடுத்தாத் தீராது. ஆனா அடக்கி வைக்கலாம். உடம்புல ஊறுற ஆம்பளை ஹார்மோன்தான் அதுக்குச் சாப்பாடு. அதை நிறுத்தணும். மூணு மாசத்துக்கு ஒரு ஊசி போட்டு நிறுத்தலாம். இல்லைன்னா சின்ன ஆபரேஷன் பண்ணி விதையை எடுத்துட்டா ஒரேயடியா நின்னுடும், ஊசிக்கு அலைய வேணாம். ரெண்டும் ஒரே வேலைதான். அதோட தினம் மாத்திரை சேர்த்தா இன்னும் நல்லாக் கட்டுப்படும். உடம்புல தெம்பு இருந்தா கீமோவும் சேர்க்கலாம். எலும்பு வலிக்கு அந்த இடத்துல மட்டும் கதிர்வீச்சு."

எல்லப்பன் கையிலிருந்த ஐந்து அட்டைகளைப் பார்த்தார். "அப்ப இதுல ஒண்ணு எடுக்கறதுன்னு சொன்னது?"

"ஒண்ணுதான் எடுக்கணும்னு இல்லைங்கய்யா. சேர்த்துச் சேர்த்துத்தான் குடுப்போம்."

வனமாமலை தன் டையின் முத்திரையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்மோன நிறுத்தினா..." என்று எல்லப்பன் குரலைத் தாழ்த்தினார். கூடமே முன்னால் சாய்ந்தது.

"அந்த ஆசை குறையும். திடீர் திடீர்னு உடம்பு சூடாகும், வேர்க்கும். அசதியா இருக்கும்."

"நாப்பத்தெட்டு வயசுல எனுக்கு அந்தச் சூடு வந்தப்ப, ஃபேன எதுக்கு இத்தினி வேகமா வெக்கறன்னு கத்தினாரு," என்றாள் லீலா. "இப்ப தெரியட்டும்." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "எத்தினி நாளும்மா?"

டாக்டர் அவள் பக்கம் திரும்பினாள். அவசரப்படவில்லை. "சரியாச் சொல்ல முடியாதும்மா. மருந்து கேட்டா வருஷக்கணக்குல ஓடும். சிலருக்கு ரெண்டு வருஷம், சிலருக்கு அஞ்சு, மேலயும் போகும். ஒரு மருந்து கேக்காமப் போனா வேற மாத்தணும். அப்ப மறைக்காமச் சொல்றேன். கால் மரத்துப்போனாலோ ஒண்ணுக்குப் போறது நின்னாலோ மட்டும் அன்னிக்கே ஓடி வந்துடணும்."

"உங்க அப்பாவுக்கு வந்தா?"

"ஊசி, மாத்திரை. வலிக்குக் கதிர்வீச்சு. இன்னிக்கே ஆரம்பிப்பேன்."

லீலா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எல்லப்பன் தலையாட்டினார். அறுபத்துநாலு பக்கம் இவ்வளவுதான் இருந்ததா என்று அவருக்குத் தோன்றியது. துக்கம்கூடக் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்துகொண்டது.

அவர் கயிற்றுக்குக் கை நீட்டுவதற்குள் பிச்சையா புகுந்தார். "கடிகாரம் நிக்கறப்பவே எனுக்கும் சொல்லிடும்மா. எனுக்கு இன்னா நோவு?"

டாக்டர் ஸ்டேஷனிலிருந்து அவர் கோப்பை எடுத்துவரச் சொல்லிப் புரட்டினாள். "உங்களுக்கு ஒண்ணுமில்லைங்க. போன வருஷம் ஏப்ரல்லயே சரியாயிடுச்சு."

பிச்சையா சுவரிலிருந்த தன் நான்கு படங்களையும் ஒருமுறை பார்த்தார். முகம் வாடிவிட்டது.

எல்லப்பன் கயிற்றை மறுபடி இழுத்தார். ஆஸ்பத்திரி ஓடியது. அன்று மதியமே அவருக்கு முதல் ஊசி போட்டார்கள்.

மருத்துவமனைக்கு உயர்தரச் சான்று கிடைத்தது. நீலக் கயிறு ஒரு முன்மாதிரி ஏற்பாடு என்று குழு பாராட்டியிருந்தது. அப்படிப்பட்ட விலைமதிப்பற்ற ஏற்பாட்டை யார் கை வேண்டுமானாலும் தொடும்படி விட்டுவைக்கலாமா? கயிற்றைக் கூரையோரம் பதினொரு அடி உயரத்துக்கு ஏற்றிக் கட்டினார்கள். இழுக்க விரும்புவோர் மூன்று வேலை நாள்களுக்கு முன் விண்ணப்பிக்கலாம் என்று பலகை வைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, மார்கழிக் கடைசியில், எல்லப்பனும் லீலாவும் இரண்டாவது ஊசிக்கு வந்தார்கள். பஸ் படியில் அவர் தானே ஏறினார். லீலாவின் கையில் துரட்டி இருந்தது. வீட்டுக் கொல்லையில் முருங்கைக்காய் பறிக்கிற துரட்டிதான்.

"இது எதுக்கும்மா?" என்று காவலாளி கேட்டார்.

"ஊனிக்கினு நடக்க."

"நீங்க நல்லாத்தானே நடக்கிறீங்க?"

"நீ சீட்டக் குடுயா."

காவலாளி விதிப்படி துரட்டிக்கும் ஒரு 'பார்வையாளர்' அட்டை மாட்டி அனுப்பினார்.

ஸ்டேஷன் நான்கில் கடிகாரம் இறங்கத் தொடங்கியது. டாக்டர் மோகனப்ரியா ரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துச் சிரித்தாள். "ரத்தத்துல நோயைக் காட்டுற எண் நானூத்திப் பன்னெண்டு இருந்தது, பதினெட்டுக்கு வந்திருக்கு. மருந்து கேக்குது." எடை கேட்டாள், வேர்வை பற்றிக் கேட்டாள், மாத்திரையை விடாமல் போடச் சொன்னாள். முப்பத்தொன்று. முப்பது.

"இன்னொண்ணு கேக்கணும்மா," என்றார் எல்லப்பன். "தைமாசம் பேத்திக்குக் காது குத்து, குன்றத்தூர் மலையில. கொழந்தயத் தூக்கிக்கினு படி ஏறலாமா? எலும்பு தாங்குமா?"

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் எலும்பு பற்றி, எடை பற்றி, வலி பற்றி அவளுக்கே நாலு கேள்வி இருந்தது முகத்தில் தெரிந்தது. இருபத்தொன்று. அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு, தன்னையறியாமல், திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்துக் கூரையைப் பார்த்தாள்.

லீலா எழுந்தாள். "நீ உக்காரும்மா. தோ வந்துர்றேன்."

பதினாறு. பதினைந்து. வெளியே மூங்கில் எதன்மீதோ உரசும் சத்தம் கேட்டது. யாரோ, "ஏம்மா, ஏம்மா!" என்றார்கள். ஒன்பது. எட்டு.

பொம்மை ரயில் பாட்டு ஆரம்பித்தது. கடிகாரம் ஏழில் நின்றது.

மோகனப்ரியா பேனாவை மூடி வைத்தாள். நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"மொத்தம் எத்தனை படிங்கய்யா?"